மயக்கம் தெளியட்டும்

ஜூன் 4

தம்பிக்கு,

என் போன் நம்பரை நீ தடுத்து வெச்சிருக்க. டிரைவிங் ஸ்கூல் போன்ல இருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வெச்சிடுற. சரிடா, நீ பெரிய ஆளு. ஆனா கடுதாசியைத் தடுக்க முடியாது. வேணும்னா கிழிச்சுப் போடலாம். படிச்சிட்டுக் கிழி.

முதல்ல உன் பொண்ணைப் பத்திச் சொல்லிடுறேன், இல்லைன்னா நீ மேல படிக்க மாட்ட. பொடிசு நல்லா இருக்கா. காலையில அவளை ஸ்கூல்ல விட்டுட்டு, ரெண்டு பேருக்கு வண்டி கத்துக் கொடுத்துட்டு, மத்தியானம் அவளைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கே வந்துடுறேன். "அம்மா எப்ப வருவா அத்தை?"ன்னு தினமும் கேக்கிறா. வயித்துல இருந்த கட்டியை எடுத்திருக்காங்க, ஆறினதும் வந்துடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன். நேத்து, "கட்டி வயித்துலதானே இருந்துச்சு, அப்புறம் ஏன் தொண்டையில குழாய்?"ன்னு கேட்டுட்டா. அவகிட்ட யார் சொன்னாங்களோ தெரியல.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். வேலை செய்யுற ஊர்ல இருந்து விழுந்தடிச்சு வந்து, ஐ.சி.யூ வாசல்ல அத்தனை பேர் முன்னாடி என்னை என்ன சொன்ன? "பக்கத்துல உக்காந்துகிட்டே என் பொண்டாட்டியைச் சாகக் கொடுக்கப் பார்த்தியே, என் கண்ணு முன்னாடி நிக்காதே, போ"ன்னு சொன்ன. நான் வந்துட்டேன். குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணுமேன்னு வந்தேன். தப்பை ஒத்துக்கிட்டு வந்தேன்னு நினைச்சுக்காதே.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இதுவரைக்கும் நீ என்கிட்ட கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன்.

காலையில நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சது. சர்ஜன் வெளிய வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும்மா"ன்னு சொல்லிட்டு, வேற ஆஸ்பத்திரியில இன்னொரு ஆபரேஷன் இருக்குன்னு கார்ல ஏறிட்டார். மத்தியானம் அவளை ரூமுக்குக் கொண்டு வந்தாங்க. கண்ணைத் திறந்ததும் உன்னைத்தான் கேட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அண்ணி, மயக்கமா இருக்கு"ன்னு சொன்னா. உன் பொண்டாட்டி எப்படிப்பட்ட வாயாடின்னு உனக்கே தெரியும், உப்பு வேணும்னாகூட ஒரு கதை சொல்லிட்டுத்தான் கேப்பா. அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையோட நிறுத்திட்டா.

நர்ஸ் மேஜைக்கு ஓடினேன். "சிஸ்டர், அவளுக்கு மயக்கமா இருக்காம்"னேன். அந்தம்மா எழுதிட்டு இருந்ததுல இருந்து தலையை நிமிர்த்தல. "மயக்கம் தெளிய நேரமாகும்மா, தூங்கட்டும்"னாங்க.

திரும்பி வந்து பார்த்தா நெத்தியெல்லாம் வேர்வை. கையைத் தொட்டா ஐஸ் மாதிரி இருந்துச்சு. மறுபடியும் போனேன். "வேர்த்துக் கொட்டுது, ஆனா கை சில்லுன்னு இருக்கு"ன்னேன். இந்தத் தடவை அந்தம்மா கூடவே வந்தாங்க. ஏசியை நிறுத்தினாங்க, போர்வையை இழுத்து விட்டாங்க, போயிட்டாங்க. கையைப் பிடிச்சுப் பார்க்கல. பிரஷர் பார்க்கிற பட்டை கட்டில் கம்பியிலேயே தொங்கிட்டு இருந்துச்சு, அதை எடுக்கல. மூணாவது தடவை போனப்ப டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாங்க. அவர் போன்லயே, "ஆபரேஷன் ஆனவங்க அப்படித்தான் இருப்பாங்க, டிரிப்ஸ் ஓடட்டும்"னு சொல்லிட்டாராம்.

அப்புறம்தான் அவ கண்ணு மேல சொருகிச்சு. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சு வயிறு ரொம்பியிருந்ததுன்னு மறுபடி திறந்து பார்த்தப்பதான் தெரிஞ்சது. அதுக்குள்ள கிட்னி ரெண்டும் நின்னு போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். மீதி நீ பார்த்தது.

மூணு தடவை போய்ச் சொன்னேன்டா. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

கிழிக்கல. படிச்சேன்.

இவளுக்கு இன்னும் தொண்டைக் குழாய் வழியாத்தான் மூச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. பெரும்பாலும் தூக்க மருந்துலதான் இருக்கா. கண்ணைத் திறந்தா என்னை அடையாளம் தெரியுது. பேச முடியாது.

நீ எழுதினதும் நான் கேள்விப்பட்டதும் ஒத்துப் போகல. நம்ம ஊர் ஆஸ்பத்திரி மேனேஜர் இங்கேயே வந்து என்னைப் பார்த்துட்டுப் போனார். மரியாதையா பேசினார். உடனிருந்தவங்க எதுவுமே சொல்லலை, நினைவு தப்பினதுக்கு அப்புறம்தான் கத்தினாங்கன்னு சொன்னார். நடுவுல ரொம்ப நேரம் ரூம்ல ஆளே இல்லையாம். எங்க போயிருந்த? அதைப் பத்தி உன் கடிதத்துல ஒரு வரி இல்லை.

நான் லிஃப்ட் வேலை பார்க்கிறவன். லிஃப்ட்ல சத்தம் வந்தா அதுல போறவங்க சொல்லணும். சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டு, அறுந்து விழுந்ததுக்கு அப்புறம் மெக்கானிக் சட்டையைப் பிடிக்கிறது நியாயம் இல்லை.

ரத்தக் கசிவு எந்த ஆபரேஷன்லயும் வரலாம்னு இங்க இருக்கிற டாக்டரும் சொன்னார். அதனால அவங்க மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல.

மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். இங்க ஆகுற செலவு, வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் சுத்தம் பண்ற செலவு எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்கிறாங்களாம். பதிலுக்கு நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணும். இது யாருக்கும் வரக்கூடிய பாதிப்பு, உறவினர் தாமதமா தெரிவிச்சதால சிகிச்சை தாமதமாச்சு, புகார் எதுவும் இல்லைன்னு. 28-ம் தேதி கொண்டு வர்றார்.

இன்னொண்ணு. மனசுல வெச்சுக்கிட்டு இருக்கிறதைவிடச் சொல்லிடுறது நல்லது. உனக்கும் இவளுக்கும் என்னைக்குமே ஆகாது. என் வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருக்கணும்னுகூட நீதான் சொல்லுவ, இவ முகத்தைத் தூக்கி வெச்சுக்குவா. இவ இடத்துல நம்ம அம்மா படுத்திருந்தா நீ இப்படி விட்டிருப்பியான்னு ராத்திரியும் பகலும் அதே நினைப்பா இருக்கு.

பொடிசுக்கு ரெண்டு சட்டை வாங்கி அனுப்பியிருக்கேன்.

தம்பி


ஜூன் 12

டேய்,

வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறதுன்னா என்னன்னு இன்னைக்குத் தெரிஞ்சுகிட்டேன். கடைசியில ஒரு பாரா எழுதியிருக்கியே, அதை நான் ஒரு தடவைதான் படிச்சேன். ரெண்டாவது தடவை படிக்கத் தெம்பில்லை.

ஆமா, எனக்கும் அவளுக்கும் ஆகாது. நான் ஒண்ணு சொன்னா அவ ஒன்பது சொல்லுவா. உன்கூட எனக்கு ஆகுதா என்ன? முப்பது வருஷமா அடிச்சுக்கிறோம். ஆகாதவ சாகட்டும்னு உக்காந்திருக்கிற புத்தி நம்ம வீட்டுல யாருக்குடா இருக்கு? நீ என் கையில வளர்ந்தவன். இதைக் கேக்க உனக்கு வாய் எப்படி வந்துச்சுன்னே எனக்குப் புரியல.

எங்க போயிருந்தேன்னு கேட்டல்ல. கீழ மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். ரெண்டாவது தடவை போய்ச் சொன்னப்ப, "சும்மா நிக்காதீங்கம்மா, இந்த ஊசியும் மருந்தும் வாங்கிட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தது அதே நர்ஸ்தான். அங்க வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. முன்னாடி நின்னவங்களைக் கெஞ்சி, ஒருத்தர்கிட்ட சண்டையும் போட்டு, வாங்கிட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்துட்டுத்தான் மூணாவது தடவை போனேன். அனுப்பினவங்களே ஆளைக் காணோம்னு சொல்றாங்கன்னா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்க. நீ அந்தச் சோத்தை ஊதி ஊதிச் சாப்பிடுற.

இப்ப உன் லிஃப்ட்டுக்கு வர்றேன். ஒரு கட்டடத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, "தம்பி, லிஃப்ட் ஒரு மாதிரி ஆடுது"ன்னு சொல்றாங்கன்னு வெச்சுக்க. நீ என்ன பண்ணுவ? "லிஃப்டுன்னா ஆடத்தான்மா செய்யும்"னு சொல்லிட்டு டீ குடிப்பியா? உன்னை எனக்குத் தெரியும். பாதிச் சாப்பாட்டுல எழுந்து போய், மேல ஏறி, கதவைத் திறந்து, கம்பியைக் கையால தொட்டுப் பார்ப்ப. அந்த அம்மாவுக்கு எந்தக் கம்பி, எந்தச் சக்கரம்னு தெரிஞ்சிருக்கணும்னு நீ எதிர்பார்க்க மாட்ட. ஆடுதுன்னு சொல்றதுதான் அவங்க வேலை, ஏன்னு பார்க்கிறது உன் வேலை. இதையே ஒரு ஆஸ்பத்திரிகிட்ட எதிர்பார்த்தா மட்டும் தப்பா?

என்கிட்ட வண்டி கத்துக்க ஒரு வக்கீலம்மா வர்றாங்க. கோர்ட்டுல எதிராளியை ஓட ஓட விரட்டுறவங்களாம். என் வண்டியில ஏறினா, ரெண்டாவது கியர் போடுறதுக்குள்ள நாலு தடவை இன்ஜினை அணைச்சிடுவாங்க. அவங்ககிட்ட சொன்னேன். நான் நினைச்ச மாதிரி அவங்க ஒண்ணும் பொங்கல. "கோவத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டுக் கேளுங்க. ரத்தம் கசிஞ்சது யார் தப்பும் இல்லாம இருக்கலாம். ரொம்ப நல்ல சர்ஜன் கையிலயும் அது நடக்கும். உங்க தம்பிகிட்ட டாக்டர் சொன்னது உண்மைதான்"னாங்க. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. அப்புறம் சொன்னாங்க: "கசியக் கூடியதுன்னு தெரிஞ்சதாலதான் ஆபரேஷன் முடிஞ்சவங்களை அடிக்கடி பார்க்கணும்னு வெச்சிருக்காங்க. ஒழுங்கா வேலை பார்க்கிற ஒரு நர்ஸ், ஒரு டாக்டர் அந்த நேரத்துல என்ன செஞ்சிருப்பாங்க? அதை இவங்க செஞ்சாங்களா? செய்யாம விட்டதாலதான் கிட்னி போச்சா? இதைத்தான் கேப்பாங்க. இதுக்குப் பதில் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில இருக்கிற கேஸ் ஃபைலை வாங்கி, சம்பந்தமில்லாத வேற டாக்டர்கிட்ட காட்டணும்."

இதைச் சொல்லிக்கிட்டே சிக்னல்ல வண்டியை அணைச்சுட்டாங்க. பின்னாடி ஆரன் அடிச்சவனைத் தலையை வெளிய நீட்டித் திட்டினேன், உன் மேல இருந்த கோவத்தையும் சேர்த்து.

ஃபைலை நான் போய்க் கேட்டேன். "நீங்க யாரு? பேஷன்ட் கேக்கணும், இல்லைன்னா புருஷன் கேக்கணும்"னு அனுப்பிட்டாங்க. நீ ஒரு வரி எழுதிக் கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். அதைக் கேக்காம அவங்க நீட்டுற பேப்பர்ல கையெழுத்துப் போடப் பார்க்கிறியே, கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டுறவனை எங்க ஸ்கூல்லயே சேர்த்துக்க மாட்டோம்டா.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

இங்க நிலைமை சரியில்லை. மூணு நாளா இவளுக்குக் காய்ச்சல். உள்ள கிருமி பரவியிருக்குமோன்னு பயப்படுறாங்க. மருந்தை மாத்தியிருக்காங்க. என்னை உள்ள விட மாட்டேங்கிறாங்க, கண்ணாடி வழியாத்தான் பார்க்கிறேன். அதனால உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியல.

கடைசிப் பாரா எழுதினது தப்பு. அதை மட்டும் எடுத்துக்கிறேன்.

மருந்துக்கடை விஷயத்தை மேனேஜர்கிட்ட போன்ல கேட்டேன். விசாரிச்சுச் சொல்றேன்னார். மறுநாள் அவரே கூப்பிட்டார். நர்ஸ்கிட்ட பேசினாராம். நீ வந்து "மயக்கமா இருக்கு"ன்னு மட்டும்தான் சொன்னியாம். ஆபரேஷன் முடிஞ்ச எல்லாருக்கும் மயக்கம் இருக்கும், அதை எப்படி ஆபத்துன்னு எடுத்துக்க முடியும்னு கேக்கிறார். நீ வேற வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பாங்களாம். யோசிச்சுப் பார்த்தா அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. மயக்க மருந்து கொடுத்த ஆளைப் பத்தி மயக்கம்னு சொன்னா யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

லிஃப்ட் பத்தி நீ எழுதினதுக்கு எனக்குப் பதில் தெரியல. ஆனா சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி மேல புகார் கொடுத்தவன்னு தெரிஞ்சா இங்க இருக்கிறவங்க இவளை எப்படிப் பார்ப்பாங்க? டாக்டருக்கு டாக்டர் விட்டுக் கொடுப்பாங்களா? இவ உயிர் இவங்க கையில இருக்கு. தலைக்கு மேல வெள்ளம் போகும்போது நியாயம் பேசச் சொல்ற நீ. என் இடத்துல இருந்து பாரு.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

காய்ச்சல் எப்படி இருக்குன்னு ஒரே ஒரு வரி, ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நேத்தெல்லாம் எனக்குக் கை ஓடல. ஒரு பையனுக்குப் பிரேக்குக்குப் பதிலா கிளட்ச்சை அழுத்தச் சொல்லிட்டேன். நல்லவேளை, மைதானம்.

நீ எழுதினதை நீயே திருப்பிப் படிச்சியா? 9-ம் தேதி, "உடனிருந்தவங்க எதுவுமே சொல்லலை". 17-ம் தேதி, "மயக்கம்னு மட்டும்தான் சொன்னாங்க". சொல்லவே இல்லைன்னு சொன்ன வாய், எட்டே நாள்ல, சொன்ன வார்த்தை சரியில்லைன்னு சொல்லுது. எதுடா உண்மை? வேர்வை, சில்லுன்னு கைன்னு ரெண்டாவது தடவை நான் சொன்னதை விட்டுட்டாங்க, இருந்தாலும் நான் வந்து சொன்னேன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, அது உன் காதுல விழலையா?

ஆனா அந்த வார்த்தை என்னைத் தின்னுடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதம் வந்ததுல இருந்து அதையேதான் வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். மயக்கம். வெயில்ல சுருண்டு விழுந்தாலும் மயக்கம். டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வெச்சாலும் மயக்கம். அவ சொன்னது முதல் மயக்கம், நர்ஸ் காதுல விழுந்தது ரெண்டாவது மயக்கம். தலை சுத்துதுன்னு சொல்லியிருக்கணுமோ? உயிர் போற மாதிரி இருக்குன்னு கத்தியிருக்கணுமோ? மேஜையைத் தட்டி உடைச்சிருக்கணுமோ? அவ என்கிட்ட கொடுத்த வார்த்தையை அப்படியே கொண்டு போய்க் கொடுத்தேன். ஊர்ல எல்லாரையும் அதட்டுறவ, அன்னைக்குன்னு பார்த்து வெள்ளை உடுப்புக்குப் பயந்து மரியாதையா பேசிட்டேன்.

வக்கீலம்மாகிட்ட இதைக் கேட்டேன். வண்டியை ஓரமா நிறுத்தச் சொன்னாங்க. அவங்களே ஓட்டிட்டு இருந்தாங்க, ஆனாலும் என்னைத்தான் நிறுத்தச் சொன்னாங்க, நான் என் பக்கத்துப் பிரேக்கை அழுத்தினேன். "நல்லாக் கேட்டுக்கோங்க. சரியான வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது நோயாளி வேலை இல்லை. ரெண்டு மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியணும்னா அந்தப் பட்டையைக் கையில சுத்திப் பார்த்தாப் போதும். ஊசி மயக்கத்துல பிரஷர் அப்படி விழாது, கை சில்லுன்னு ஆகாது. தப்பா நினைச்சது மன்னிக்கக் கூடியது. பார்க்காம நினைச்சதுதான் பிரச்சினை"ன்னாங்க. அதையும் வேற டாக்டர் சொன்னாத்தான் செல்லும்னு கூடவே சொன்னாங்க. அவங்க எப்பவும் அப்படித்தான், ஒரு கையால கொடுத்து ஒரு கையால வாங்கிடுவாங்க.

அங்க இருக்கிற டாக்டர்கள் பழி வாங்குவாங்கன்னு பயப்படுற. அந்தப் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். எனக்கும்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கிறேன். அந்த ரூம்ல மூணு பேர் இருந்தோம். நான் இருந்தேன், அந்த நர்ஸ் இருந்தாங்க. என் பேச்சை நீ நம்பல, அந்த நர்ஸ் பேச்சை மேனேஜர் வாய் வழியா நம்புற. மூணாவது ஆள் உன் பக்கத்துலயே படுத்திருக்கா. காய்ச்சல் இறங்கி, கண்ணைத் திறக்கும்போது, அவகிட்ட கேளு. பேச முடியலைன்னா தலையாட்டட்டும்.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

காய்ச்சல் இறங்கிடுச்சு. மெஷினும் இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவைதான். மூத்திரம் கொஞ்சம் கொஞ்சமா வர ஆரம்பிச்சிருக்கு, கிட்னி திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்கிறாங்க. தொண்டைக் குழாயைச் சின்னதா மாத்தியிருக்காங்க. அதை விரலால அடைச்சுக்கிட்டா குரல் வருமாம், இன்னும் வரல.

இவகிட்ட கேக்க மாட்டேன். சாவு வாசல்ல போய்த் திரும்பி வந்திருக்கா. அந்த நாளை இவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். எதுவும் ஞாபகம் இருக்காதுன்னு மேனேஜரும் சொன்னார். உங்க சண்டைக்குச் சாட்சி சொல்லத்தான் இவ பொழைச்சு வந்தாளா?

நான் முடிவு பண்ணிட்டேன். 28-ம் தேதி கையெழுத்துப் போடப் போறேன். எனக்கு இவ உயிரோட வேணும், மெஷின் நிக்காம ஓடணும், அவ்வளவுதான். யார் சொன்னது உண்மைன்னு எனக்குத் தெரிய வேண்டாம்.

அந்தப் பேப்பர்ல உன் பேர் வராது. நான் கேட்டு வாங்கிட்டேன். "உடனிருந்த உறவினர்"னு மட்டும்தான் போடுவாங்க.

தம்பி


ஜூன் 26

பேர் வராதுன்னு எனக்குச் சலுகை வாங்கிக் கொடுத்திருக்க. ரொம்ப நன்றிடா.

உடனிருந்த உறவினர் வேற யாரு? அந்த ரூம்ல வேற எந்த உறவினர் இருந்தா? பொடிசு பெரியவளாகி ஒரு நாள் அதைப் படிப்பா. எங்க அம்மா கிட்னியைப் போக்கினது எங்க அத்தைன்னு தெரிஞ்சுப்பா. எழுதினது யாரோ, கையெழுத்து எங்க அப்பான்னு பார்ப்பா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, அந்தப் பழியை என் தலையில நீயே உன் கையால வைக்கப் போற.

அவ மெஷினுக்காகப் போடுறேன்னு சொல்ற. அது எனக்குப் புரியுது. வேற வழியே இல்லைன்னா போட்டுக்கோ, நான் தடுக்கல. ஆனா போடுறதுக்கு முன்னாடி அந்த வரியை ஒரு தடவை வாய் விட்டுப் படிக்கச் சொல்லு. உன் காதால கேளு. கேட்டுட்டும் உன் கை போடுதான்னு பாரு.

இதைக் கூரியர்ல அனுப்புறேன், நாளைக்குக் கிடைச்சிடும்.

அக்கா


ஜூன் 29

அக்கா,

நான் கையெழுத்துப் போடல.

நேத்து மத்தியானம் மேனேஜர் வந்தார். இவளைத் தனி வார்டுக்கு மாத்தியிருக்காங்க. இவ கண்ணை மூடிப் படுத்திருந்தா. தூங்குறாள்னு நினைச்சேன். கட்டில் பக்கத்துல இருந்த சின்ன மேஜையில அவர் பேப்பரை வெச்சு, பேனாவைத் திறந்து என் கையில கொடுத்தார். உன் கடிதம் சட்டைப் பையில இருந்துச்சு. "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க"ன்னேன். அவருக்கு அது பிடிக்கல, ஆனாலும் வாசிச்சார். "உடனிருந்த உறவினர் தாமதமாகத் தெரிவித்த காரணத்தால்"னு வந்தப்ப, கட்டில்ல அசைவு தெரிஞ்சுது.

இவ கண்ணைத் திறந்துட்டா. கை மெல்ல மெல்ல மேல போச்சு. விரலைத் தொண்டையில வெச்சு அந்த ஓட்டையை அடைச்சா. முதல்ல வெறும் காத்து. அப்புறம் குரல் வந்துச்சு அக்கா. இவ குரல் மாதிரியே இல்லை, கரகரன்னு இருந்துச்சு.

"அண்ணி சொன்னாங்க"ன்னா.

மேனேஜர் சிரிச்ச முகமா குனிஞ்சு, "அம்மா, நீங்க அப்ப மயக்கத்துல இருந்தீங்க, உங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது"ன்னார்.

இவ அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. மூச்சு வாங்கிச்சு. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா. "மயக்கமா இருக்குன்னு நான்தான் சொன்னேன். அப்ப யாரும் நம்பல. இப்ப நீங்களே சொல்றீங்க."

அதோட இவ விடல. உனக்குத்தான் தெரியுமே, ஆரம்பிச்சா விட மாட்டா. தூங்கட்டும்னு நர்ஸ் சொன்னது இவ காதுல விழுந்திருக்கு. போர்வையை இழுத்து விட்டப்ப, போகாதீங்கன்னு சொல்ல வாயைத் திறந்திருக்கா, சத்தம் வரலையாம். நீ திரும்பத் திரும்ப வெளிய ஓடினது, யார்கிட்டயோ கெஞ்சினது, எல்லாம் கேட்டுக்கிட்டே படுத்திருக்கா. கண்ணைத் திறக்க மட்டும் முடியலையாம். மேனேஜர் பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, அப்புறம் பேசுவோம்னு போயிட்டார்.

அவர் போனதும் இவ என் பக்கம் திரும்பினா. "நீங்க ஏன் என்கிட்ட கேக்கல?"ன்னா.

உனக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம்னுதான்னு என்னமோ உளறினேன். ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சேன்னேன். இவ கொஞ்ச நேரம் கேட்டா. அப்புறம் தொண்டையில இருந்து விரலை எடுத்துட்டா. அதோட பேச்சு நின்னு போச்சு. நேத்துல இருந்து நர்ஸ்கிட்ட பேசுறா, ஆயாகிட்ட பேசுறா, என்கிட்ட மட்டும் விரலை வைக்க மாட்டேங்கிறா.

இங்க இருக்கிற டாக்டர் விஷயத்தைக் கேள்விப்பட்டுட்டு, நான் பயந்த மாதிரி எதுவும் சொல்லல. ஃபைலை வாங்குங்க, அது உங்க உரிமைன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். இன்னைக்குக் காலையில கேட்டு எழுதிட்டேன். இவளே கையெழுத்துப் போட்டா, கோணலா வந்துச்சு. மெஷின் செலவுக்கு என்ன வழின்னு தெரியல. பயமாத்தான் இருக்கு.

அக்கா, உன்னை வாசல்ல நிக்க வெச்சு அப்படிப் பேசினேன். அப்புறமும் ஒவ்வொரு கடிதத்துலயும் குத்தினேன். உன்னைக் குத்தினா எனக்கு வலி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அதனாலதான் அவங்க சொன்னதையெல்லாம் நம்பினேன். மன்னிச்சுடு. வக்கீலம்மாகிட்ட கேட்டுப் புகாரை எப்படி எழுதணும்னு சொல்லு. நான் எழுதித் தர்றேன். நம்பரைத் திறந்துட்டேன், நீ கூப்பிடலாம்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

கூப்பிடல. கூப்பிட்டா அழுதுடுவேன், அப்புறம் உன்னைத் திட்ட முடியாது. அதனால எழுதுறேன்.

உன் கடிதத்தை வண்டியில உக்காந்தே படிச்சேன். "அண்ணி சொன்னாங்க"ங்கிற இடத்துல நிறுத்திட்டு ஸ்டியரிங் மேல தலையைக் கவுத்துக்கிட்டேன். அடுத்து கத்துக்க வந்த பையன் கண்ணாடியைத் தட்டி, "மாஸ்டர், நான் நாளைக்கு வரட்டுமா?"ன்னு கேட்டான். வாடான்னு ஏத்திக்கிட்டு ஊரையே ரெண்டு சுத்து சுத்தினோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரையும் திட்டாம ஒரு வகுப்பு எடுத்தேன்.

உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதலாம்னு பார்த்தேன், கை வரல. கோவம் இன்னும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், நீ எங்கேயும் ஓடிப் போக மாட்ட, நானும் போக மாட்டேன். மெஷின் செலவுக்கு வழி பார்ப்போம். என் ரெண்டு வண்டியில ஒண்ணு சும்மாதான் நிக்குது. அதைப் பத்தி நீ ஒரு வார்த்தை எழுதினா மறுபடி சண்டை வரும்.

வக்கீலம்மாகிட்ட பேசிட்டேன். வருஷக்கணக்கா இழுக்கும், ஜெயிப்போம்னு சொல்ல முடியாது, வேற டாக்டர் என்ன சொல்றாரோ அதைப் பொறுத்துன்னு எல்லாப் பயத்தையும் முதல்லயே காட்டிட்டாங்க. யார் பேர்ல புகார்னு கேட்டாங்க. புருஷன் பேர்ல கொடுக்கலாம், கூட இருந்து பார்த்தவங்க பேர்லயும் கொடுக்கலாமாம். நான் ரெண்டும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவ பேர்லதான் போகணும்.

அதனால நீ எழுதித் தர்றேன்னு சொன்னியே, எழுது. ஆனா உன் வார்த்தையில எழுதாதே. ஞாயித்துக்கிழமை நான் பொடிசைக் கூட்டிக்கிட்டு அங்க வர்றேன். அதுக்கு முன்னாடி, பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு அவ கட்டில் பக்கத்துல போய் உக்காரு. விரலை வைக்கிற வரைக்கும் காத்திரு. ஒரு நாள் ஆகலாம், ரெண்டு நாள் ஆகலாம், எழுந்து போகாதே. வெச்சதும் அவ என்ன சொல்றாளோ அதை அப்படியே எழுது. இது சரியான வார்த்தை இல்லையேன்னு திருத்தாதே. உனக்குப் புரியலைன்னா மறுபடி கேளு. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா